கணுக்காலுக்கு ஒரு செயற்கை மூட்டு

எழுந்து நின்று, ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றக் காலின் குதியை மெல்லத் தரையிலிருந்து உயர்த்துங்கள். உடலின் எடை முழுவதும் இப்போது முன்பாதத்தின் மேல் நிற்கிறது. குதிக்கு மேலே பின்புறம் கை வைத்துப் பார்த்தால், அங்குள்ள தடித்த தசைநாண் வில்லின் நாண்போல் விறைத்திருப்பது தெரியும். பள்ளியில் படித்த நெம்புகோல்தான் இது. கணுக்கால் மூட்டு ஆதாரப்புள்ளி. அதற்கு முன்னே முன்பாதம், பின்னே தசைநாண். முன்பாதம் உள்ள தூரம், தசைநாண் உள்ள தூரத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு என்று கொள்வோம். அப்படியானால் தசைநாண் உங்கள் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசையுடன் இழுத்தாக வேண்டும். ஆதாரப்புள்ளியின் மேல் இரண்டு விசைகளும் சேர்ந்து விழும். ஆக மூன்றரை மடங்கு. நடக்கும்போது மற்றத் தசைகளின் இழுப்பும் முடுக்கமும் சேர்ந்துகொள்ள, இது ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவரின் கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் சுமார் 3,000 நியூட்டன் விசையைத் தாங்குகிறது.

இதை எவ்வளவு பரப்பில் தாங்குகிறது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது அல்லவா? 500 நியூட்டன் சுமையில் இடுப்பு மூட்டின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சுமார் 1,100 சதுர மில்லிமீட்டர். அதே சுமையில் கணுக்காலில் அது சுமார் 350 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1970-களில் உலகின் சிறந்த அறுவை மருத்துவர்கள் பலர் இவற்றிடம் தோற்றுப்போனார்கள்.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கினாலும், கணுக்கால் முதுமையால் மட்டும் தேய்வது அரிது. அங்கே மூட்டுவாதம் வந்தவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் முன்பு எப்போதோ எலும்பு முறிந்தவர்கள் அல்லது கடுமையாகச் சுளுக்கிக்கொண்டவர்கள். விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்ட கால் பல ஆண்டுகள் கழித்து வலிக்கத் தொடங்குகிறது. ஆகவே இந்த நோயாளிகள், இடுப்பு மூட்டுக்காக வருபவர்களைவிடப் பெரும்பாலும் வயதில் இளையவர்கள். அவர்களுக்குப் பொருத்தும் மூட்டு இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தாக வேண்டும்.

பழைய மருத்துவம் எளியது. தேய்ந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டி வளரச் செய்துவிடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுவார்ட் ஆல்பர்ட் இம்முறையைத் தொடங்கி வைத்தார். மூட்டுப் பிணைப்பு என்று இதைச் சொல்லலாம். மூட்டு இல்லாமற்போனால் மூட்டுவலியும் இல்லை. பாதத்தின் மற்றச் சிறு மூட்டுகள் சற்றே வளைந்து கொடுப்பதால் நோயாளியால் நடக்க முடிகிறது. 1951-இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, எலும்புகளை வெளியிலிருந்து திருகுகளால் நெருக்கிப் பிடித்துக் கணுக்காலை விரைவில் ஒட்டவைக்கும் முறை ஒன்றை விளக்கி எழுதினார்.

அதே சார்ன்லிதான் பிறகு இடுப்பு மூட்டை மாற்றி உலகப் புகழ் பெற்றார். ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் செய்த முதல் முயற்சிகள் எப்படி முடிந்தன என்பதைச் சொல்லாமல் கணுக்காலுக்குப் போக முடியாது. உராய்வு மிகக் குறைந்த பொருள் என்று டெஃப்லானைத் தேர்ந்து, 1958 முதல் ஏறக்குறைய 300 நோயாளிகளுக்குப் பொருத்தினார். முதலில் எல்லாரும் வலியின்றி நடந்தார்கள்; மருத்துவருக்கும் மகிழ்ச்சி. மூன்று, நான்கு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தன. அவர் அந்த மூட்டுகளைத் தம் கையாலேயே மீண்டும் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. டெஃப்லான் துண்டுகளைத் தம் சொந்தத் தொடையில் புதைத்துச் சோதித்தவர் அவர்! 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறிய பிறகுதான் வெற்றி கிடைத்தது. எஃகுத் தலை, பாலிஎதிலீன் கிண்ணம், எலும்போடு பிடிக்க அக்ரிலிக் சிமெண்டு. இதுவே இடுப்பு மூட்டின் இலக்கணம் ஆகிவிட்டது.

முதல் சில ஆண்டுகளின் நல்ல செய்தியை நம்பக் கூடாது என்ற பாடம் அப்போதே கிடைத்திருந்தது. ஆனால் அடுத்து வந்தவர்கள் எடுத்துக்கொண்டது எஃகையும் பிளாஸ்டிக்கையும் சிமெண்டையும் மட்டும்தான்.

1970-இல் பிரான்சில் லார்டும் மாரோட்டும் முழுமையான செயற்கைக் கணுக்காலைப் பொருத்தினார்கள். அது தலைகீழாகக் கவிழ்த்த இடுப்பு மூட்டு என்றே சொல்லலாம். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவுக்குள் ஒரு நீண்ட தண்டு. கீழே தாலஸ் என்னும் கணுக்கால் எலும்பையே எடுத்துவிட்டு, குதிகால் எலும்பில் சிமெண்டு வைத்துப் பதித்த ஒரு கிண்ணம். பத்தாண்டுகளில் இப்படிச் செய்த 25 மூட்டுகளில் 12 தோற்றன. மனநிறைவு தந்தவை 7 மட்டுமே. அவர்களே அம்முறையைக் கைவிட்டார்கள்.

பிறர் வேறு வடிவங்களை முயன்றார்கள். அவற்றை இரண்டு வகையாகப் பார்க்கலாம். ஒன்று, கதவுக் கீல்போல முன்னும் பின்னும் மட்டும் அசைவது. நடக்கும்போது கால் எலும்பு சற்றே திருகுகிறது. கீல் அத்திருகலுக்கு இடம் கொடாது. அப்படியானால் அந்தத் திருப்புத்திறன் எங்கே போகும்? சிமெண்டும் எலும்பும் சேரும் இடத்துக்கே போகும். சுவரில் அடித்த ஆணியை ஒவ்வொரு நாளும் சிறிது திருகிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கும் ஆயிற்று. மற்றொரு வகை, எல்லாப் பக்கமும் தாராளமாக அசைய விட்டது. அதில் மூட்டுக்கு உறுதி இல்லை. எலும்புகள் பக்கங்களில் இடித்து வலித்தன. போதாக்குறைக்கு, டிபியாவின் அடிப்பகுதியில் உறுதியான எலும்பு ஒரு மெல்லிய அடுக்கே. சிமெண்டுக்கு இடம் வேண்டி ஆழமாக வெட்டியபோது, கடற்பஞ்சு போன்ற வலுவற்ற பகுதியின் மேல் செயற்கை மூட்டு உட்கார்ந்தது.

லண்டன் மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை 62 கணுக்கால்கள் மாற்றப்பட்டன. அவற்றுள் 41-ஐ மீண்டும் ஆராய்ந்தபோது, 13 மட்டுமே மனநிறைவு தருவன என்று 1985-இல் அறிக்கை வந்தது. வலிக்கும் கணுக்காலுக்கு மூட்டுப் பிணைப்பே ஏற்றது என்று அதை எழுதிய மருத்துவர்கள் முடிவு கூறினார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1974 முதல் 1988 வரை தன் சொந்த வடிவத்தில் 204 மூட்டுகளைப் பொருத்தியது. 5 ஆண்டு கழித்து அவற்றில் 79 விழுக்காடு நிலைத்திருந்தன. 10 ஆண்டில் 65. 15 ஆண்டில் 61. சொந்தக் கண்டுபிடிப்பின் குறையைச் சொந்தப் பதிவேட்டிலிருந்தே எடுத்து வெளியிட்டது பெரிய செயல் என்பேன். தோற்ற மூட்டை எடுத்துவிட்டுப் பிணைப்புக்குத் திரும்புவதும் எளிதன்று. எலும்பு ஏற்கெனவே வெட்டி எறியப்பட்டிருக்கும். இந்த எண்களுக்குப் பின்னால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அறுவைக்குப் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பலரும் கைகழுவிய நிலையில், டென்மார்க்கில் ஹாக்கன் கோஃபோட் 1981-இல் தம் வடிவத்தைப் பொருத்தத் தொடங்கினார். 1986-இல் அதை மூன்று பகுதிகளாக மாற்றினார்: மேலே ஓர் உலோகத் தட்டு, கீழே தாலஸ் எலும்பின் மேல் ஓர் உலோகத் தொப்பி, நடுவே எதிலும் ஒட்டாமல் நழுவும் பாலிஎதிலீன் துண்டு. திருகலை நடுத்துண்டு வாங்கிக்கொள்ளும்; தொடும் பரப்பும் குறையாது. 1990 முதல் சிமெண்டு நீங்கியது. உலோகத்தின் பூச்சின் மேல் எலும்பே வளர்ந்து பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் பூக்கல் என்ற மருத்துவரும் பாப்பாஸ் என்ற பொறியாளரும் ஏறக்குறைய இதே வழியில் சென்றார்கள். பொறியாளர் ஒருவர் அறுவை மருத்துவரின் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு.

பலன் என்ன? சுவீடன் நாட்டின் பதிவேட்டில் 1993 முதல் 2010 வரை பொருத்திய 780 கணுக்கால்களில், 5 ஆண்டில் 81 விழுக்காடும் 10 ஆண்டில் 69 விழுக்காடும் நிலைத்திருந்தன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, 10 ஆண்டுக்கு 89 விழுக்காடு என்றது. ஏன் இவ்வளவு வேறுபாடு? தேர்ந்த மருத்துவர்கள் தம் சொந்த நோயாளிகளைப் பற்றி எழுதும் கணக்கும், நாடு முழுவதற்குமான கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ‘நிலைத்தது’ என்றால் மூட்டு எடுக்கப்படவில்லை என்பதே பொருள். வலியோடு நொண்டிக்கொண்டு, இன்னோர் அறுவைக்கு அஞ்சி வீட்டிலிருப்பவரும் அந்தக் கணக்கில் வெற்றிதான்!

மூட்டுப் பிணைப்பும் குறையில்லாதது அன்று. அமெரிக்காவின் அயோவாவில், பிணைப்புச் செய்து சராசரி 22 ஆண்டுகள் ஆன 23 பேரைப் பரிசோதித்து 2001-இல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் பக்கத்து மூட்டுகள் தேய்ந்திருந்தன. ஓய்வு பெற்ற மூட்டின் வேலையை அவை செய்துகொண்டிருந்தன அல்லவா?

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்தும் சோதனை வெகுநாள் நடக்கவே இல்லை. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில், 50 முதல் 85 வயதுள்ள 303 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. இங்கே எண்ணப்பட்டது மூட்டு அன்று. நிற்பதும் நடப்பதும் எவ்வளவு கடினம் என்று நோயாளியே சொன்ன விடை. நூற்றுக்கு மதிப்பிட்ட அந்த அளவில், 52 வாரத்தில் மூட்டு மாற்றியவர்கள் 49.9 புள்ளியும், பிணைத்தவர்கள் 44.4 புள்ளியும் முன்னேறினார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். இரு சாராருமே பெரிதும் நலமடைந்தார்கள். மூட்டு மாற்றியவர்களில் 13.4 விழுக்காட்டினருக்குப் புண் ஆறுவதில் சிக்கல், பிணைத்தவர்களில் 5.7. பிணைத்தவர்களில் 12.1 விழுக்காட்டினருக்கு எலும்பு ஒட்டவில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. முடிவுகளைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, பிணைப்பைவிட நன்றாகத் தோன்றியது நடுத்துண்டு நழுவும் மூட்டு அன்று. நடுத்துண்டை மேல்தட்டோடு அசையாமல் பூட்டிய புதிய வகை. கோஃபோட் விடுவித்ததை மற்றவர்கள் மீண்டும் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் திட்டமிட்டுத் தொடங்கிய ஒப்பீடு அன்று அது. நழுவுவதையும் பூட்டியதையும் நேருக்கு நேர் நிறுத்தி, ஓராண்டோடு விடாமல் பத்தாண்டுக்குப் பின்னும் அதே கேள்விகளை அந்த நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.