உடலில்லாத ரூட்டரின் முப்பது ஆண்டுகள்

அலுவலகக் கணினிக்கு வெளியுலகம் போக ஒரே வழிதான் தெரியும். டீஃபால்ட் கேட்வே என்று அதில் ஓர் ஐபி முகவரி பதிந்திருக்கும். அந்த முகவரிக்குரிய ரூட்டர் நின்றுபோனால், அதே ரேக்கில் இன்னொரு ரூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. ரூட்டர்கள் தங்கள் இருப்பைக் கணினிகளுக்கு அறிவிக்கும் முறை ஒன்று 1991-இல் வந்தது. ஆனால் ஓர் அறிவிப்பின் ஆயுள் வழக்கமாக 30 நிமிடம். இறந்த ரூட்டரை நம்பிக் கணினி அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

சிஸ்கோ 1994 ஏப்ரலில் காப்புரிமை கோரிய எச்எஸ்ஆர்பி என்ற நெறிமுறை வேறு வழியில் போனது. அது கணினியைத் தொடவே இல்லை. முகவரியைப் பெட்டியிலிருந்து பிரித்தது. இரண்டு ரூட்டர்கள் சேர்ந்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் ஐபி முகவரியையும் ஒரு மேக் முகவரியையும் காக்கும். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். 3 வினாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ வரும். 10 வினாடி அது வராவிட்டால் காத்திருந்தது பொறுப்பேற்கும். உடலில்லாத ரூட்டர் பிறந்தது இப்படித்தான்.

1998 மார்ச்சில் எச்எஸ்ஆர்பியின் விவரம் தகவல் ஆவணமாக வெளியானது. அடுத்த மாதமே எல்லா நிறுவனங்களுக்குமான பொதுத் தரமாக விஆர்ஆர்பி வந்தது. அசெண்ட், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, டிஜிட்டல், ஐபிஎம் ஆகியவற்றின் பொறியாளர்கள் சேர்ந்து எழுதியது அது. அதில் அறிவிப்பு வினாடிக்கு ஒன்று. மூன்று அறிவிப்புகள் தவறினால், காத்திருக்கும் ரூட்டர்கள் தத்தம் முன்னுரிமை எண்ணுக்கேற்ப இன்னும் சிறிது பொறுக்கும். எண் 200 என்றால் மொத்தம் சுமார் 3.22 வினாடி, 100 என்றால் 3.61. தகுதி கூடியது முந்திக்கொள்வதால் போட்டி எழுவதில்லை. பழுதுபார்க்க நிறுத்தப்படும் ரூட்டர், முன்னுரிமை 0 என்று கடைசியாக ஓர் அறிவிப்பு விட்டுப் போகும். அடுத்தது அந்த மூன்று வினாடியும் காத்திராமல் பொறுப்பேற்கும்.

கணினிகளையும் ரூட்டர்களையும் இணைக்கும் ஸ்விட்சின் பங்கு இங்கேதான். பொறுப்பேற்ற ரூட்டர் அந்தப் பொது மேக் முகவரியிலிருந்தே ஓர் ஏஆர்பி செய்தியை அனுப்பும். முகவரி இப்போது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். கணினியில் ஓர் எழுத்தும் மாறாது.

காப்புரிமைச் சிக்கலும் தொடர்ந்தது. விஆர்ஆர்பிக்கும் தன் உரிமை பொருந்தும் என்று சிஸ்கோ சொன்னதால், கட்டற்ற மென்பொருள்காரர்கள் கார்ப் என்ற மாற்றை உருவாக்கினார்கள். 2004 மே மாதம் ஓபன்பிஎஸ்டி 3.5-உடன் அது வெளிவந்தது.

அடுத்த கேள்வி பணம் கட்டியவர்களுடையது: இரண்டு ரூட்டர் வாங்கி ஒன்றைச் சும்மா வைப்பதா? விடை, இரண்டு குழுக்கள் அமைப்பது. ரூட்டர் வேலையையும் செய்யும் ஸ்விட்சுகள் என்றால், விலான்கள் எனப்படும் உள்வலைப் பிரிவுகளில் பாதிக்கு முதல் ஸ்விட்சில் முன்னுரிமையைக் கூட்டுவார்கள். மீதிப் பாதிக்கு இரண்டாவதில். ஸ்பேனிங் ட்ரீ ரூட்டையும் அதே ஸ்விட்சில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பாக்கெட்டுகள் இரண்டு ஸ்விட்சுகளுக்கும் இடையிலான இணைப்பில் வீணாகச் சுற்றிப் போகும். சிஸ்கோவின் ஜிஎல்பிபி இன்னும் நுட்பமானது. ஓர் ஐபி முகவரிக்கு நான்கு மேக் முகவரிகள் வரை வைத்து, கேட்கும் கணினிகளுக்கு மாற்றி மாற்றித் தரும்.

சுமையைப் பகிர்வதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு ரூட்டர்களும் தம் திறனில் 70 சதவீதம் ஓடினால், ஒன்று விழும் நாளில் மற்றது 140 சதவீதத்தைச் சுமக்க வேண்டும், முடியாது. ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் போகாமல் வைத்தால்தான் இரண்டாவது ரூட்டர் உண்மையான துணை.

2010-இல் விஆர்ஆர்பியின் மூன்றாம் பதிப்பு ஐபிவி6-ஐயும் சேர்த்துக்கொண்டது. நேரத்தை நூறில் ஒரு வினாடி அளவில் குறிக்கவும் வழி செய்தது. 2024 ஏப்ரலில் அது திருத்தி எழுதப்பட்டது. எழுதியவர்களில் ஒருவரான ஏஸீ லிண்டம், 1998-இல் ஐபிஎம்மிலிருந்து முதல் ஆவணத்தில் பெயர் சேர்த்தவர். ஒரு தரத்தை இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் அதன் ஆசிரியர் கவனிக்கிறார் என்பது வணங்கத்தக்கது.

நிறுவுகிறவர்களிடமும் அந்தக் கவனம் வேண்டும். ரூட்டர் உயிரோடிருந்து, அதன் வெளி இணைப்பு மட்டும் அறுந்தால், உள்ளே ஹலோ போய்க்கொண்டே இருக்கும், மற்றது பொறுப்பேற்காது. வெளி இணைப்பைக் கண்காணித்து முன்னுரிமையைக் குறைக்கும் ட்ராக்கிங் அதற்காகத்தான். எச்எஸ்ஆர்பியில் காத்திருக்கும் ரூட்டருக்கு பிரியெம்ப்ட் கட்டளையும் தர வேண்டும். தராவிட்டால், எண் குறைந்தும் பொறுப்பு மாறாது. இவை சரியா என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆள் குறைந்த நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒருமுறை ரூட்டரை நிறுத்தியும், ஒருமுறை வெளிக் கேபிளை மட்டும் பிடுங்கியும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய பிறகே அதற்கு மாற்று ஏற்பாடு என்று பெயர்.