கண்ணப்பரின் நாய்களும் வேட்டைச் சட்டமும்

சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பில் கண்ணப்ப நாயனார் புராணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். திண்ணனாரின் கன்னி வேட்டையில் நாய்கள் காட்டைக் கலக்கும் இடத்துக்கு வந்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், கண்ணப்பர் இப்ப இருந்தா வைல்ட்லைப் ஆக்கள் புடிச்சிக்கிட்டுப் போயிருப்பாங்க தானே?” என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டிலும் வேட்டை நாய்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அன்று நான் விடை கூறாமல் பாடத்தைத் தொடர்ந்தேன். நேயர்களே, அந்த விடையைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து தேட விழைகிறேன்.

நாயும் வேட்டையும் சட்டமும் சந்தித்த கதை பழையது. இங்கிலாந்திலே மூன்றாம் ஹென்றி மன்னன் பெயரால் 1217இல் வெளியான வனப் பட்டயம், அரச வனங்களை அண்டி வாழ்ந்த குடிமக்களின் நாய்களுக்கு ஒரு விதி வகுத்தது. முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும் என்பதே அது. மன்னனின் மானை ஏழையின் நாய் துரத்தலாகாது என்பதே அதன் நோக்கம். மன்னனின் நாய்களுக்கோ நகம் முழுமையாக இருந்தது. ஆக, அன்றைய சட்டம் மானின் வேதனையைப் பற்றிக் கேட்கவில்லை, “யாருடைய நாய்?” என்றே கேட்டது.

அதே கேள்வி கப்பலேறி நமது மலைநாட்டுக்கும் வந்தது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைத் தருவித்து மரைகளைத் துரத்தினார். நாய்கள் மரையை ஓடைநீரில் மடக்கிக்கொள்ள, அவர் கத்தியுடன் இறங்கிக் குத்துவார். இவற்றையெல்லாம் பெருமிதத்துடன் நூலாகவும் எழுதினார். ஹோட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துரைமாரின் நாய் வேட்டை “விளையாட்டு” எனப் பெயர் பெற்றது. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்க இங்கு ஒரு சங்கம் தோன்றியபோது அதைத் தோற்றுவித்தவர்களும் வேட்டைப் பிரியரான துரைமாரே. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொல்பவர்களால் தங்கள் விளையாட்டுக்குரிய விலங்குகள் அழிந்துவிடும் என்பதே அவர்களின் கவலை. பின்னர் அச்சங்கம் மெய்யாகவே காட்டுயிர்களின் காவலாக வளர்ந்தது என்பதையும் நன்றியுடன் குறிப்பிடத்தான் வேண்டும். 1937இன் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் உருவான வனசீவராசிகள் திணைக்களமும் இந்த வழியில் வந்தவையே.

காலச் சக்கரம் சுழன்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நரி வேட்டை பற்றிய விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. “எங்கள் மரபு, எங்கள் பிழைப்பு” என்று கிராமத்தார் இலண்டன் வீதிகளில் ஊர்வலம் போயினர். “உயிரொன்றைத் துரத்திக் களைக்கவைத்துக் கடித்துக் குதறவிடுவது விளையாட்டாகுமா?” என்று மறுதரப்பார் கேட்டனர். பிரபுக்கள் சபை இணங்காத நிலையிலும் 2004இல் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருகாலத்தில் ஏழையின் நாய்க்கு நகம் வெட்டிய நாட்டில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளின் பின் சீமான்களின் நாய்க் கூட்டத்துக்கும் தடை வந்தது. சட்டம் முதன்முறையாக நரியின் பக்கம் நின்று கேள்வி கேட்டது எனலாம்.

ஆனால் அந்தக் கேள்வி நமக்குப் புதியதா? பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார், திண்ணனாரின் வேட்டையைப் பாடும்போது அவ்வேடர் எவற்றையெல்லாம் தொடமாட்டார்கள் என்பதையும் பாடுகிறார். யானைக் கன்றைத் தொடர மாட்டார்கள். சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவுற்று நடை தளர்ந்த பெண்மானை வருத்த மாட்டார்கள். எந்த மன்னனும் ஓலையில் எழுதிக் கொடுக்காத சட்டம் அது!

இதை நான் நூலில் படிக்கும் முன்பே கண்டவன். நிவித்திகலையில் நாங்கள் இருந்த தோட்டத்தின் எல்லையில் காடு. லயத்துக்குப் பின்னால் தாத்தா போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் ஓர் இரவிலே கிளறிப் போட்டுவிடும். எனக்குப் பதினொரு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு நாய்களுடன் புறப்பட்ட தாத்தாவின் பின்னால் நானும் போனேன். நாய்கள் ஒரு பன்றியைப் பாறையோரம் வளைத்துக்கொண்டன. அருகே போன தாத்தா திடீரென்று நாய்களை அதட்டினார். முன்னால் நின்ற தன் கறுப்பனைத் தடியால் அடித்தே இழுத்தார். அது சினைப்பன்றி. “வயித்துல உள்ளதத் தொட்டா நம்ம குடும்பம் வெளங்காதுடா” என்றார். வெறுங்கையோடு திரும்பினோம். மாமாமார் முணுமுணுத்தார்கள். அந்தப் பன்றியின் காதிலே வழிந்த இரத்தமும் நினைவிருக்கிறது. நாய் வேட்டையில் கொடுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று வேட்டை நாய்கள் குறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் கம்பிச் சுருக்கு வந்துவிட்டது. நாயை அதட்டலாம், கம்பியை யார் அதட்டுவது? பன்றிக்கென்று வைத்தது சினை பாராது, குட்டி பாராது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததை நாடே கண்டது.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனுக்கு விடை சொன்னேன். “ஆம் தம்பி, பிடித்திருப்பார்கள். காளத்தி இருக்கும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் குற்றம். நம் நாட்டில் பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு அன்று, மரை பாதுகாக்கப்பட்டது. ஆனால் உன் நாய்க்கு அந்தப் பட்டியல் தெரியாது. அதைக் காட்டுக்குள் விடும் உனக்குத்தான் தெரிய வேண்டும்.”

அவன் சற்று யோசித்தான். “அப்பாகிட்ட சொல்றேன் சேர்” என்றான்.

சட்டம் காட்டின் எல்லைவரை வந்து காவல் நிற்கும். அதற்கு அப்பால், நாய்கள் வளைத்து நிற்கும் அந்தப் பாறையோரத்தில், மனிதனின் கையைத் தடுப்பது சேக்கிழார் பாடிய, என் தாத்தா படிக்காமலே அறிந்திருந்த அந்த அறம்தான். அதையும் சேர்த்துக் கற்பிக்காவிட்டால் கண்ணப்பரைக் கற்பித்தவனாக என்னை நான் எண்ணிக்கொள்ள இயலாது.