கோயில்பிள்ளையின் பாட்டு

'நாம் ஒருநாள் வெல்வோம்' என்னும் கருத்தமைந்த பாடலைப் பள்ளி விழாக்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தியிலும் பிற மொழிகளிலும் அது வழங்குகின்றது. மாணவப் பருவத்தில் நானும் அதைப் பலரோடு சேர்ந்து பாடியதுண்டு. அதற்கு ஒரு வரலாறு உண்டென்று அந்நாளில் நான் எண்ணியதில்லை. பின்னர் அதன் வேரைத் தேடிச் சென்றபோது, துடைப்பம் ஏந்திய ஒரு கோயில்பிள்ளையை அங்கே கண்டேன்.

சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்பது அவர் பெயர். 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை அடிமை, தாயோ அடிமையல்லாதவர். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது அக்காலச் சட்டமாதலால், அவர் அடிமையாகப் பிறக்கவில்லை. ஆயினும், அச்சட்டம் அவருக்குப் பள்ளிக்கூடத்தைத் தரவில்லை. இளமையிலேயே தாயை இழந்து, பிறரிடம் உழைக்கச் சென்றார். வழியில் கிடந்த செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்கி, இரவில் விறகின் ஒளியில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைமுறையும் ஒழிந்தது. பின்னர் டிண்ட்லி பிலடெல்பியா நகரை அடைந்தார். செங்கல்லும் சாந்தும் சுமக்கும் சித்தாளாக வேலை செய்தார். மெதடிஸ்டுத் திருச்சபையைச் சேர்ந்த கோயில் ஒன்றைப் பெருக்கிக் காக்கும் பணியையும் ஏற்றார். அத்தகைய பணியாளரையே நம் நாட்டுக் கிறித்தவர் கோயில்பிள்ளை என்பர். கிரேக்கத்தை அஞ்சல் வழியாகவும், எபிரேயத்தை யூதர் துணையோடும் கற்றுப் போதகரானார். பல ஊர்களில் தொண்டாற்றியபின், 1902ஆம் ஆண்டில், தாம் துடைப்பம் பிடித்த அதே சபைக்குப் போதகராகத் திரும்பினார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கு நகரங்களுக்கு வந்த வண்ணம் இருந்தனர். வந்தவர்க்கு வீடில்லை, பலருக்கு உணவுமில்லை. டிண்ட்லியின் கோயில் பசித்தோர்க்கு உணவளித்தது; உடையளித்தது; வேலை தேடித் தந்தது. 1915இல், கறுப்பினத்தாரை இழித்துக்காட்டிய திரைப்படம் ஒன்றை எதிர்த்து அந்நகரில் எழுந்த கிளர்ச்சியிலும் அவர் பங்கு கொண்டார். சில நூறு பேருக்கும் குறைவாக இருந்த சபை பல்லாயிரவராகப் பெருகியது. 1924இல் எழுந்த புதிய பெருங்கோயிலுக்கு மக்கள் அவர் பெயரையே இட்டனர்.

இத்தொண்டிலிருந்தே அவர் பாடல்கள் பிறந்தன. பசியும் கடனும் நோயும் பழிச்சொல்லும் அவற்றின் பொருளாயின. பாடுவோர் தம் சொல்லையும் தம் குரலின் நெளிவையும் சேர்த்துக்கொள்ள அவற்றில் அவர் இடம் விட்டிருந்தார். பின்னாளில் 'காஸ்பெல்' எனப் பெயர் பெற்ற இசைமரபிற்கு அவரை ஒரு முன்னோடி என்பர் இசையறிஞர்.

'நான் ஒருநாள் வெல்வேன்' என்னும் பொருள்படும் தலைப்போடு ஒரு பாடலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டார். 1933இல் அவர் மறைந்தார். 1945ஆம் ஆண்டில், தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவருள் பலர் கறுப்பினப் பெண்கள். மறியல் நின்ற அப்பெண்கள் பாடிய பாட்டில் 'நான்' என்பது 'நாம்' ஆயிற்று. டென்னசியிலிருந்த ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளி அப்பாடலைப் பிறர்க்குக் கற்பித்தது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், உரிமை வேண்டி வாஷிங்டனில் திரண்ட பெருங்கூட்டம் அதைப் பாடியது.

இங்கே நான் ஒன்று சொல்லவேண்டும். இன்று பாடப்படும் மெட்டு டிண்ட்லி அமைத்ததன்று. சொற்களும் பெரிதும் மாறிவிட்டன. வேறு பாடல்களையும் மூலமாகக் காட்டுவோர் உளர். ஆகவே, 'இப்பாடலை இயற்றியவர் டிண்ட்லி' என்று தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள். வாய்வழி வழங்கும் பாட்டிற்குத் தந்தையர் பலர். அவருள் இவரும் ஒருவர் என்பதே நேர்மையான வரலாறு.

இதனால் அவர் பெருமை குறைவதாக நான் கருதவில்லை. தனியொருவர் துயரில் எழுந்த உறுதிமொழியைப் பெயர் பரவலாக அறியப்படாத பெண்கள் மறியலில் நின்று எல்லாருக்கும் உரியதாக்கினர். இனி அப்பாடலை நீங்கள் பாடும்போது, அந்தக் கோயில்பிள்ளையோடு அப்பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.