தென்பெண்ணையின் தலைநீர்ப் பகுதியும் தமிழ்க் கல்வெட்டுகளும்

பெண்ணையாறு என்றவுடன் தமிழறிஞர் நினைவில் எழுவது திருக்கோவலூரும் மலையமான் நாடுமே ஆகும். புறநானூற்றின் 126ஆம் பாடல் அவ்வாற்றைத் திருமுடிக்காரியின் நாட்டோடு இணைத்துப் பேசுகிறது. ஆயின் ஆறு பிறக்குமிடம் நந்திமலைப் பகுதியாகும். பாலாறு, வடபெண்ணை, அர்க்காவதி, சித்திராவதி ஆகியனவும் அம்மலைத்தொடரை ஒட்டியே தோன்றுகின்றன. கன்னட நாட்டில் தட்சிண பினாகினி என வழங்கும் இவ்வாற்றின் மேற்பகுதி, பெங்களூரின் வடகிழக்கே ஒரு சிற்றாறாகவே ஓடி ஒசக்கோட்டை ஏரியை அடைகிறது.

பெங்களூர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டுமுதுகின்மீது அமைந்துள்ளது. அம்மேட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேரும். கிழக்கே விழுவது பெண்ணையைச் சேரும். நகரின் ஒரே தெருவில் பெய்த மழை இருவேறு ஆறுகளுக்குப் பிரிந்துபோதல் இங்கு இயல்பு. மேட்டுநிலத்தில் ஆறு ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. எனவே இப்பகுதி மக்கள் ஆற்றை அல்ல, அதன் கிளையோடைகளை மறித்துக் கட்டிய ஏரிகளையே நம்பி வாழ்ந்தனர். கல்வெட்டுகள் ஆற்றைவிட ஏரிகளையே மிகுதியாகப் பேசுவதற்குக் காரணம் இதுவே.

அவற்றுள் காடுகோடித் தமிழ்க் கல்வெட்டு தலையாயது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 1043ஆம் ஆண்டில், பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேளான் என்பான் பட்டந்தூரில் பேரேரி அமைத்து, மதகுகளும் இட்டு, துர்க்கை, கணபதி, சேத்திரபாலர் திருமேனிகளையும் நிறுவிய செய்தியை அது தருகிறது. தந்தை காவுண்டன், மகன் வேளான். கன்னட நாட்டு ஊர்த்தலைவர் குடி ஒன்று சோழர் ஆட்சியில் தமிழ் வேளாண் பட்டத்தை ஏற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காடுகோடி என்னும் பெயரும் கருதத்தக்கது. கன்னடத்தில் ‘கோடி’ என்பது ஏரியின் மிகைநீர் வெளியேறும் மறுகாலையும் குறிக்குமாதலின், காட்டை அடுத்த மறுகால் என்று பொருள்கொள்ளவும் இடமுண்டு. எனினும் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்கலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலங்களைக் கொடையாகச் சுட்டுகிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரை இலைப்பாக்க நாட்டுத் தும்பலூரான தேசிமாணிக்கப்பட்டணம் என்கின்றன. இலைப்பாக்கம் என்பது இன்றைய எலகங்கா. சோழர் ஆட்சி நீங்கி ஒரு நூற்றாண்டிற்கு மேல் கடந்தபின்னும் இங்குக் கோயில் ஆவணமொழியாகத் தமிழ் நீடித்தமை குறிப்பிடத்தக்கது.

இக்கல்வெட்டுகளை நகரத்தின் பழமை யாருக்குரியது என்னும் வழக்கிற்குச் சான்றாக இரு தரப்பினரும் எடுத்தாளுவதுண்டு. அவ்வழக்கில் கல்வெட்டின் உள்ளீடாகிய நீரே மறைந்துவிடுகிறது. ஏரியின் ‘கீழ்’ நிலம் என்பது வெறும் எல்லைக்குறிப்பன்று; மதகின்வழிப் பாயும் நீரால் நிலம் மதிப்புப் பெற்ற முறையை அது காட்டுகிறது.

தொம்மலூரின் நீர் இறங்கும் பெல்லந்தூர் ஏரி ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடையது. நகரக் கழிவு கலந்ததால் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வேரி தீப்பற்றியது. அதன் நீரே வர்த்தூர் ஏரி வழியாகப் பெண்ணையை அடைந்து, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. பெண்ணையின் கிளையாறான மார்க்கண்டேய ஆற்றில் கர்நாடகம் அணை கட்டுவதை எதிர்த்து 2018இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. நீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் இரு மாநிலங்களுக்கும் பொதுச் சிக்கலாயிற்று.

ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி, ஆவணங்களை வட்டவாரியாக அடுக்கியது. நிருவாகத்திற்கு உகந்த அம்முறை, ஒரே ஆற்றின் கல்வெட்டுகளைப் பெங்களூர், ஒசக்கோட்டை எனப் பிரித்துவிட்டது; கீழாற்றுக் கல்வெட்டுகளோ தமிழகத் தொகுதிகளில் உள்ளன. நந்திமலை தொடங்கிக் கடலூர் வரை, நீரோட்டத்தின் வரிசையில் அவற்றை மீண்டும் அடுக்கினால், பட்டந்தூர் மதகையும் திருக்கோவலூர்ப் படுகையையும் ஒரே வடிநிலத்தின் வரலாறாகப் படிக்க இயலும்.