மாரடைப்பு

மார்பு என்பதன் குறுக்கமான ‘மார்’, ‘அடைப்பு’ எனும் சொல்லோடு சேர்ந்து பிறந்தது மாரடைப்பு. மூக்கடைப்பு, நெஞ்சடைப்பு ஆகியவை இதன் உறவுச்சொற்கள். முன்பு மார்பில் ஏற்படும் இறுக்கம் எதையும் சுட்டிய இச்சொல், மருத்துவத்தில் இதயத் தமனியில் ரத்த ஓட்டம் தடைபடுவதைக் குறிக்கலாயிற்று. இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் திடீர் மரணம் பலவும் மாரடைப்பே. ஆனால் மாரடைப்பு வந்தவர் வியர்த்து, வலியோடு பேசிக்கொண்டிருக்கக்கூடும். இதயத்துடிப்பு நின்றவரோ நினைவிழந்து, மூச்சற்றோ விட்டுவிட்டுத் திணறியோ கிடப்பார். முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், இரண்டும் ஒன்றல்ல. பின்னதற்கு 108-ஐ அழைத்து, உடனே நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். துடிப்பின் வகைக்கேற்ப மின்அதிர்ச்சி, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின், மின்அதிர்ச்சிக்கும் அடங்காத துடிப்புக்கு அமியோடரோன் ஆகியவை மேல்நிலைச் சிகிச்சை. இந்நிலையை ‘இதய நிறுத்தம்’ என்பர் சிலர்; அது யாரோ நிறுத்தியதுபோல் ஒலிக்கிறது. ‘நாடி நின்றுவிட்டது’ எனும் மக்கள் வழக்கை ஒட்டிய ‘இதயத்துடிப்பு நிற்றல்’ தெளிவானது. கேட்டவுடன் கையை நெஞ்சில் வைக்கத் தூண்டுவது.