செங்கல் கற்பித்த பாடம்

கோலாலம்பூரைச் செங்கல் நகரமாக்கியவை ஒரு தீயும் ஒரு வெள்ளமும் என்றால் அது மிகையாகாது.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஈய வாணிகத்தால் தழைத்த இவ்வூர், 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகராயிற்று. பெயரளவில் தலைநகராயினும், அதன் வீடுகளில் பெரும்பாலானவை மரத்தாலும் மண்ணாலும் எழுப்பப்பட்டு, அத்தாப்பு ஓலையால் வேயப்பட்டிருந்தன. இடைவெளியின்றி நெருங்கி நின்ற அவ்வீடுகளை 1881ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பெருந்தீ சூழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் புகுந்தது. ஓலைக் கூரை தீக்கு இரையாயிற்று. மண்சுவர் நீரில் கரைந்தது. அழிந்த வீட்டை அதே பொருளால் மீண்டும் எழுப்புவது அடுத்த அழிவுக்கு அடிக்கல் நாட்டுவதேயன்றோ?

1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம் இதனை உணர்ந்தார். நகரின் கட்டடங்கள் செங்கல்லால் கட்டப்பட்டு ஓட்டால் வேயப்படல் வேண்டும் என 1884ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. அவ்வாணையின் சிறப்பு அதன் எளிமையாகும். கடைக்காரரும் கொத்தனாரும் அதனை எளிதில் புரிந்துகொண்டனர். விதி காக்கப்பட்டதா என்பதைத் தெருவில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆயினும் ஆணை மட்டும் வீடு கட்டிவிடாது. செங்கல்லுக்கு எங்கே போவது? சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் பரந்த நிலத்தை வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். அச்சூளைகளின் நினைவாகவே அப்பகுதி இன்றும் பிரிக்பீல்ட்ஸ் என வழங்குகின்றது. பிற்காலத்தில் இரயில்வேயில் உழைத்த தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த இடமும் அதுவே. மேலும், நகர் முழுவதையும் ஒரே நாளில் இடித்துக் கட்டுமாறு எவரும் பணிக்கப்படவில்லை. புதுப்பித்தல் தெருத்தெருவாக நடைபெற்றது. தெளிந்த விதி, கைக்கெட்டும் பொருள், போதிய காலம் ஆகிய மூன்றும் கூடியதாலேயே நகரம் மீண்டெழுந்தது.

எனினும் ஒரு விதி, தான் கண்ட ஆபத்துக்கே விடையளிக்கும். செங்கல் சுவர் தீயின் வேகத்தைத் தணித்தது; ஆற்றின் பெருக்கைத் தடுக்க அதனால் இயலவில்லை. 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் கோலாலம்பூர் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சாய்ந்து 48 உயிர்கள் மாண்டன. சரிவில் நீர் வடியும் வழி செம்மையாக இல்லாமையும் மண் சரிந்தமையும் அக்கேட்டுக்குக் காரணங்களாயின. சுவரை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அது நிற்கும் நிலத்தையும் நீரின் போக்கையும் ஆராய வேண்டும் என்பதை நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

இவ்வாறு ஒவ்வொரு துயரும் புதிய விதிகளைச் சேர்க்கின்றது. விதிகள் பெருகப் பெருக, அலுவலகப் படிகளும் பெருகுகின்றன. அனுமதிக்குக் காத்திருப்போர் சோர்வதும், சிலர் குறுக்குவழி தேடுவதும் இயல்பாகின்றன. இந்நிலையை மாற்றவே மலேசியாவில் 2007ஆம் ஆண்டில், கட்டட விண்ணப்பங்களை ஒரே இடத்தில் கவனிக்கும் மையங்கள் ஊராட்சி மன்றங்களில் அமைக்கப்பட்டன. குடிபுகுவதற்கான சான்றிதழை மன்றமே வழங்கிவந்த முறை மாறி, பணியை மேற்பார்வையிடும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் வழங்கும் முறை வந்தது.

படிகளைக் குறைப்பது நன்று. பொறுப்பைக் குறைப்பது தீது. கையொப்பமிடும் ஒருவர் அக்கட்டடத்துள் உறங்கும் குடும்பங்களுக்குப் பிணை நிற்கின்றார். அப்பிணை உறுதியாக இருக்கும்வரை எளிமை நலமே பயக்கும். அது தளர்ந்தால், விரைந்து கிடைத்த சான்றிதழ் வெறுந்தாளாகிவிடும்.

பழைய கடைவீதிகளைக் காணும் மாணவர், அச்செங்கல் சுவர்களை அழகுக்காக எழுந்தவை என எண்ணிவிடலாம். அவை ஓராண்டில் இருமுறை அழிந்த ஊரார், மூன்றாம் முறையும் அழியாதிருக்க எழுப்பியவை. அடுத்த தீக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் முன்பே அத்தகைய விதிகளைச் செய்துகொள்வதே வருமுன் காக்கும் அறிவுடைமையாகும்.