பெருமூளைப் புறணிக்கு வரைபடம் வந்த கதை

பெருமூளையின் வெளியடுக்கான புறணியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேலை உண்டு என்ற கருத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் பிரான்ஸ் யோசெப் கால். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவியே ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்றார். முறை ஏறக்குறைய குறிசொல்லல்தான். ஆனால் அடிப்படை ஊகத்தில் சரக்கு இருந்தது.

1861இல் பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்ற நோயாளி இறந்தார். பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியும். பதிலாக வாயில் வந்ததோ 'தாங்' என்ற ஓரசை மட்டுமே. அவருடைய மூளையை ஆராய்ந்த அறுவை மருத்துவர் பால் புரோக்கா, இடது முன்மடலில் சிதைவைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான குறையை விளக்கினார்: இடது பொட்டுமடலின் மேற்பகுதி பழுதானால் பேச்சு தடையின்றி வரும், பொருள்தான் இராது, கேட்பதும் விளங்காது.

இதற்கிடையே 1870இல் பெர்லினில் மருத்துவர்கள் பிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் புறணியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்ச, உடலின் எதிர்ப்பக்கத் தசைகள் அசைந்தன.

1909இல் கோர்பினியன் புரோட்மன், உயிரணு அடுக்குகளின் வேறுபாட்டை நுண்ணோக்கியில் பார்த்துப் பகுதிகளுக்கு எண்ணிட்டார். பார்வைக்கு 17, இயக்கத்துக்கு 4 என்று மருத்துவர்கள் இன்றும் சொல்வது அவருடைய கணக்கே.

மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளை விழிப்பில் வைத்தே அறுவை செய்தார். மூளைக்கு வலி தெரியாது. அதனால் புறணியை மின்முனையால் தொட்டு, எந்த உறுப்பு அசைகிறது, எதில் உணர்வு எழுகிறது என்று குறிக்க முடிந்தது. அந்த இடங்களைத் தொகுத்தபோது, விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் புறணியில் பெரும்பரப்பு இருந்தது; அகன்ற முதுகுக்கோ சிறு துண்டு.